அப்பாவின் கருவிழியில் இரத்தக் குழாய்: ஒளி மருந்துக்கு இப்போதே ஓட வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. செட்டியார் தெருவில் சின்ன நகைப் பட்டறை வைத்திருக்கிறார். கல் பதிப்பதில் பெயரெடுத்தவர். ஆறு வருடத்துக்குள் மூன்று தரம் வலது கண்ணில் வைரஸ் புண் வந்து ஆறியது. இப்போது கருவிழிக்குள் சிவப்பு நூல் மாதிரி இரத்தக் குழாய்கள் இரண்டு பக்கமிருந்து வந்திருக்கின்றன. அவற்றின் நுனியில் பாலாடை போல ஒரு படை தெரிகிறது. பின்னாளில் கருவிழி மாற்ற வேண்டி வரலாம், ஆனால் இந்தக் குழாய்கள் இருக்கும்வரை ஒட்டியது நிலைப்பது கஷ்டம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கையில் ஊசியேற்றி, கண்ணுக்கு லேசர் ஒளி அடித்தால் குழாய்கள் வாடிவிடும் என்று லண்டனிலிருக்கும் அத்தான் சொல்கிறார். உடம்பு முழுக்க ஓடுகிற மருந்து கண்ணில் மட்டும் எப்படி வேலை செய்யும்? தாலிக்கொடியை விற்றாவது சென்னைக்குக் கூட்டிப்போவோம் என்று அம்மா நிற்கிறா. என்ன செய்வது?
– ஒரு மகள், கொட்டாஞ்சேனை

பதில்:

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கட்டும். அத்தான் சொன்னது பொய்யில்லை. அப்படி ஒரு சிகிச்சை உண்மையாகவே இருக்கிறது, அது வேலை செய்கிற விதமும் அழகானது. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். குழாய், படை, லேசர், சென்னை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அப்பா இப்போது வைரஸுக்குக் குளிசை எடுக்கிறாரா இல்லையா என்று ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் நீங்கள் கேட்டதற்கு.

கருவிழி என்று நாம் சொல்வது உண்மையில் கறுப்பு இல்லை. முன்னால் இருப்பது கண்ணாடி மாதிரி ஒரு படலம், நடுவில் அரை மில்லிமீற்றர் தடிப்பு. பாடப் புத்தகத்தில் விழிவெண்படலம், கிளினிக்கில் கோர்ணியா. ஒளி தடையில்லாமல் உள்ளே போக வேண்டும் என்பதால் அதில் இரத்தக் குழாயே கிடையாது. ஒட்சிசனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தும், சத்தைப் பின்னாலுள்ள திரவத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. குழாய் வளரச் சொல்லும் ஒரு புரதம் உடம்பில் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொறியைக் கோர்ணியா தானே தயாரித்துக் காவல் காக்கிறது என்பது 2006இல்தான் தெளிவானது. திரும்பத் திரும்பப் புண் வரும் கண்ணில் அந்தக் காவல் தளர்கிறது. வெள்ளைவிழியின் ஓரத்திலிருந்து குழாய்கள் உள்ளே முளைக்கின்றன.

அவற்றின்மேல் கோபப்படவும் முடியாது. புண்ணை ஆற்ற உடம்பின் காவற்படையைக் கொண்டுவந்தவை அவைதான். சாவீட்டுக்கு வந்த உறவினர் அந்தியேட்டி முடிந்தும் போகாமல் தங்கினது மாதிரி, வேலை முடிந்தும் இருந்துவிட்டன, அவ்வளவுதான். அவசரத்தில் கட்டிய குழாய்கள் என்பதால் ஒழுகும். இரத்தத்திலுள்ள கொழுப்பு கசிந்து படிவதைத்தான் நீங்கள் பாலாடை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லே பொருத்தமாக இருக்கிறது, இனி நானும் அதைத்தான் நோயாளிகளிடம் சொல்லப்போகிறேன். அடுத்த தரம் கிளினிக் போகும்போது, நாடியைத் தாங்கியில் வைத்துப் பார்க்கும் அந்த மெஷினைக் கொஞ்சம் பெரிதாக்கி உங்களுக்கும் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். குழாய்க்குள் இரத்த அணுக்கள் மணிமணியாக நகர்வது தெரியும். முதல் தரம் பார்க்கிறவர்கள் பேச்சு மறந்து போவார்கள்.

இனி ஒளி மருந்து. உங்கள் அப்பம்மா காலத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. தோலில் வெண்புள்ளி வந்தால் கார்போகரிசியை அரைத்துப் பூசிவிட்டு வெயிலில் உட்காரச் சொல்வார்கள். விதையை மட்டும் பூசினால் பெரிதாக ஒன்றும் இல்லை, வெயில் மட்டும் பட்டாலும் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் தோல் சிவக்கும். கொஞ்சம் கூடினால் வெந்தும் போகும். 1900இல் மியூனிக்கில் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் ஒரு சாயத்தில் நுண்ணுயிர்களைப் போட்டுப் பார்த்தபோது, வெளிச்சம் பட்ட பாத்திரத்தில் மட்டும் அவை செத்துப்போவதைக் கண்டார். மருந்து ஒன்று, அதை எழுப்புகிற ஒளி ஒன்று என்ற எண்ணம் விஞ்ஞானத்துக்குள் வந்தது அங்கேதான்.

கண்ணுக்குப் பயன்படுத்துவது வேர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்து. கடையில் விசுடைன் என்ற பெயர். கைநாளத்தில் பத்து நிமிடம் மெதுவாக ஏற்றுவார்கள். அது இரத்தத்திலுள்ள கொழுப்புத் துணிக்கைகளோடு ஒட்டிக்கொண்டு ஓடும். புதிதாக வளரும் குழாயின் உட்சுவர் அந்தக் கொழுப்பை ஆவலோடு இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால் மருந்து அங்கே கூடுதலாகச் சேருகிறது. விழித்திரைக்குச் செய்யும்போது, ஏற்றத் தொடங்கி 15 நிமிடத்தில் 689 நானோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரை 83 செக்கன் காட்டுவது வழக்கமான கணக்கு. கோர்ணியாவுக்கு அளவை வைத்தியர்கள் மாற்றிக்கொள்கிறார்கள். இந்த லேசருக்குச் சூடு இல்லை. வெறுமனே அடித்தால் எதையும் சுடாது. மருந்திருக்கும் இடத்தில் பட்டால் மட்டும் ஒட்சிசன் ஒரு மூர்க்கமான வடிவத்துக்கு மாறி, பிறந்த இடத்திலேயே குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும். இரத்தம் உறையும், குழாய் அடைபடும். ஆக, மருந்து உடம்பெல்லாம் ஓடினாலும் ஒளி போவது ஒரு பொட்டு இடத்துக்குத்தான். நீங்கள் கேட்டதற்கு விடை இவ்வளவே. சரியாக அடைபட்டால் சிவப்பு நூல் சில நாளில் சாம்பல் நிறக் கோடாகும். நாங்கள் அதைப் பேய்க்குழாய் என்போம், உருவம் மட்டும் இருக்கும், உள்ளே ஓட்டம் இருக்காது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இனி அத்தான் சொல்லாமல் விட்ட பக்கம். இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது விழித்திரைக்குப் பின்னால் வளரும் குழாய்களுக்கு. கோர்ணியாவுக்கு அல்ல. கோர்ணியாவில் செய்வது வைத்தியரின் சொந்தப் பொறுப்பில். பலன் கிடைத்ததாக வந்த ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் சிறு எண்ணிக்கை நோயாளிகளை வைத்துச் செய்தவை. இளம் குழாய் நன்றாக வாடும். வருடக்கணக்காகத் தங்கிச் சுவர் தடித்த குழாய் அவ்வளவு சுலபத்தில் மசியாது. அடைபட்டது சில மாதத்தில் திறந்துகொள்வதும் உண்டு, திரும்பச் செய்ய வேண்டி வரும். காரணம் எளிது. குழாயைத்தான் மூடினோம், குழாயைக் கூப்பிட்ட குரலை அடக்கவில்லை. இதில் இன்னொரு தலையிடி. 2006க்குப் பிறகு கண்ணுக்குள் போடும் ஊசிகள் வந்து, விழித்திரைக்கு இந்த மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்தது. அண்மை வருடங்களில் உலகெங்கும் அதற்குத் தட்டுப்பாடும் வந்தது. சென்னைக்கோ லண்டனுக்கோ டிக்கெட் போடுவதற்கு முன்னால், மருந்து கையில் இருக்கிறதா என்று போனில் கேளுங்கள். கொழும்பில் விசாரிப்பதானாலும் கோர்ணியா வைத்தியரை மட்டும் கேட்டால் போதாது, அவரை ஒரு விழித்திரை வைத்தியரோடு பேசச் சொல்லுங்கள். அந்த லேசர் மெஷின் குடியிருப்பது விழித்திரைப் பக்கத்தில்தான்.

அப்பாவின் தொழிலை நினைத்ததால் ஐந்து நாள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்தேற்றிய பிறகு ஐந்து நாள் வரைக்கும் தோலிலும் அது மிச்சமிருக்கும். அந்த நாட்களில் நேர் வெயில் பட்டால் முகமும் கையும் வெந்துவிடும். வெயிலுக்குப் பூசும் கிறீம் இங்கே உதவாது, ஏனென்றால் மருந்தை எழுப்புவது கண்ணுக்குத் தெரிகிற ஒளி, அந்தக் கிறீம்கள் தடுப்பது புற ஊதாக் கதிரை. வெயில் மட்டுமல்ல, பட்டறை மேசையில் தலைக்கு ஒரு சாண் மேலே எரியும் ஹலோஜன் பல்ப்பும் ஆகாது. பற்றாசு வைத்து ஊதுகிற வேலையும் அந்த ஐந்து நாள் வேண்டாம். பல் டொக்டரின் பெரிய லைட், விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கிளிப்பை நீண்ட நேரம் விட்டுவைப்பது, இவையும் கூடாது. அதற்காக அறையைப் பூட்டி இருட்டில் படுக்கவைக்கவும் வேண்டாம். வீட்டின் சாதாரண வெளிச்சம் தோலிலுள்ள மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கச் செய்யும், அது நல்லது. வீட்டுக்குக் கூட்டி வரும்போது ஓட்டோ வேண்டாம், கண்ணாடி கறுத்த கார் பிடியுங்கள். முழுக்கை சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து புறப்படுகிற நாளை ஒட்டித் திகதி எடுத்துவிடாதீர்கள், அப்பாவை யாராலும் வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது.

ஏற்றும்போது சிலருக்கு இடுப்பு பிடித்து வலிக்கும், நிறுத்தினால் போய்விடும். மருந்து நாளத்துக்கு வெளியே கசிந்தால்தான் மோசம். நான் பயிலும் காலத்தில் ஒரு ஐயாவுக்குப் புறங்கையில் குத்திய ஊசி விலகிவிட்டது. தாதி ஒரு நொடி தாமதிக்காமல் ஊசியைக் கழற்றி, கறுப்புத் துணியால் அந்தக் கையை முழங்கை வரைக்கும் சுற்றினா. வீக்கமும் நிறமும் போகும்வரை, நாட்கணக்கில், அந்தக் கையில் வெளிச்சம் படவில்லை. அதனால் புறங்கையின் மெல்லிய நாளத்தில் ஏற்றுகிறார்கள் என்றால், முழங்கை மடிப்பில் பெரிய நாளம் இல்லையா என்று கேளுங்கள், தப்பில்லை. போர்பிரியா என்ற நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்து அறவே கூடாது. ஈரல் மோசமாகப் பழுதுபட்டவர்களுக்கும் யோசிக்க வேண்டும். பிரஷருக்குத் தயசைட் வகைக் குளிசை எடுக்கிறாரா, டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் எடுக்கிறாரா என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள், அவை வெயில் கூச்சத்தைக் கூட்டும்.

சரி, குளிசைக்கு வருகிறேன். மூன்று தரம் வந்த வைரஸ் புண் என்றால் அது அநேகமாக ஹேர்பீஸ். காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளிக்குமே, அதே வைரஸ். புண் ஆறினாலும் அது போவதில்லை, முகத்து நரம்பின் முடிச்சுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தரம் எழும்பும்போதும் கோர்ணியாவில் ஒரு தழும்பு, அந்தத் தழும்புக்கு இன்னும் இரண்டு குழாய். இதைத் தடுக்கும் ஆயுதம் பழையது, ஒளி மருந்தோடு பார்த்தால் மலிவானது: அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், காலையும் மாலையும். அமெரிக்காவில் 703 பேரை வைத்து நடத்தி 1998இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் இந்தக் குளிசையை எடுத்தவர்களில் 19 சதவீதத்தினருக்குக் கண் நோய் திரும்ப வந்தது. வெறும் மாக் குளிசை எடுத்தவர்களில் 32 சதவீதம். கோர்ணியாவின் ஆழத்தில் நோய் வந்தவர்களுக்கு, அதாவது அப்பா மாதிரியானவர்களுக்கு, அந்த ஆழ நோய் திரும்பும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. சிறுநீரகம் எப்படி என்று ஒரு இரத்தச் சோதனை செய்துவிட்டுத் தொடங்குவார்கள். உங்கள் டொக்டர் இதை எழுதியிருந்து, கண் வெளுத்துவிட்டது என்று அப்பா தானாகவே நிறுத்தியிருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வைரஸ் விழித்திருக்கும் கண்ணில் லட்சக்கணக்கில் செலவழித்து ஒளி அடிப்பது, ஓட்டை வள்ளத்துக்குப் பெயின்ற் அடிப்பது மாதிரி.

குளிசை ஓடட்டும், அதன் பாதுகாப்போடு வைத்தியர் ஸ்டெரொயிட் துளி கொடுத்தால் அழற்சி அடங்கும், இளம் குழாய்களில் சில தானாகவே வெறுமையாகும். அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்பவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இருபது கிளை தெரிந்தாலும் ஓரத்தில் தாய்க்குழாய் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அப்படியானால் ஒளி மருந்தே தேவைப்படாது. விறைப்பு மருந்து போட்டுவிட்டு, மெல்லிய ஊசியை அந்தத் தாய்க்குழாய்க்குள் அல்லது பக்கத்தில் செலுத்தி, சத்திரசிகிச்சைக்கூடத்தில் சாதாரணமாக இருக்கும் மின்சூட்டுக் கருவியை ஊசியில் தொட்டால் குழாய் கருகி மூடிக்கொள்ளும். சில நிமிட வேலை, விலைகூடிய மருந்து ஒன்றும் வேண்டாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் லேசரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பேன். இதனோடு அவஸ்டின் ஊசியை வெண்விழித் தோலுக்கடியில் போடுவதும் உண்டு, குழாயைக் கூப்பிடும் குரலை அடக்க. அதுவும் கண்ணுக்கென்று அனுமதி பெற்ற மருந்தல்ல, குடல் புற்றுநோய்க்கு வந்தது. அதையே துளியாக நீண்ட நாள் விடச் சொன்னால் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: “அப்பாவின் கருவிழியில் உணர்ச்சி இருக்கிறதா என்று பஞ்சு நூலால் தொட்டுப் பார்த்தீர்களா?” ஹேர்பீஸ் வந்த கோர்ணியா மரத்துப்போயிருக்கலாம். மரத்த கோர்ணியாவில் அந்தத் துளி மேற்தோலை அரித்துப் புண்ணாக்கலாம்.

ஊசிச் சூட்டுக்கு அகப்படாத அளவுக்குக் குழாய்கள் விரிந்திருந்து, ஆனால் இளசாகவும் இருந்து, பாலாடை கண்மணிக்கு நேரே நகர்ந்துகொண்டிருந்தால், அப்போது ஒளி மருந்தைப் பற்றி யோசிக்கலாம். அது நகர்கிறதா என்று தெரிய ஒரு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. கிளினிக்கில் எடுக்கும் கண் படத்தின் பிரதி ஒன்றை ஒவ்வொரு தரமும் வாங்கி வையுங்கள். மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த வைத்தியரிடம் போனாலும் பாதி வேலை முடிந்தது.

கருவிழி மாற்றுவதைப் பற்றி இப்போதே பயப்பட வேண்டாம். தானக் கண்ணுக்கு அலைவது இந்த நாட்டின் பிரச்சினை அல்ல. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தான சங்கத்தைத் தொடங்கினார், 1964இலேயே ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண் போனது. நமக்குச் சிக்கல் ஒட்டிய பிறகு. குழாய் வழியாக உடம்பின் காவற்படை வந்து, இது நம்முடையதல்ல என்று கண்டுபிடித்து நிராகரிக்கும். கோர்ணியாவை நான்கு கால்வட்டமாகப் பிரித்தால், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டதில் ஆழமான குழாய் இருக்கும் கண்ணை நாங்கள் ஆபத்துக் கூடியது என்று வகைப்படுத்துகிறோம். “இரண்டு பக்கமிருந்து” என்று நீங்கள் எழுதியது அதனால்தான் முக்கியம். குழாய்களை முன்கூட்டியே வாடவைப்பதன் பெரிய பயன் இங்கேதான். ஹேர்பீஸ் கண்ணில் நோய் ஓய்ந்து மாதக்கணக்கில் அமைதியாக இருந்த பிறகே ஒட்டுவோம், ஒட்டிய பிறகும் அதே குளிசை நீண்ட காலம் ஓடும். உள்ளடுக்கு நன்றாக இருந்தால் முழுப் படலத்தையும் மாற்றாமல் மேல் அடுக்கை மட்டும் மாற்றலாம். நிராகரிப்பில் மோசமானது உள்ளடுக்கில் வருவது, அந்த அபாயம் இல்லாமல் போகும்.

கல் பதிப்பதற்கு இடது கண்ணில் லூப் என்ற பூதக்கண்ணாடியை வைத்துப் பழகச் சொல்லுங்கள், ஒரு மாதத்தில் கை பிடிபடும். ஊதும்போதும் அரம் போடும்போதும் காப்புக் கண்ணாடி கட்டாயம், இனி அவர் நம்பியிருப்பது அந்த ஒரு கண்ணை.

இந்தக் கிழமையே ஒரு வேலை செய்யுங்கள். பட்டறை லாச்சியையும் வீட்டு அலுமாரியையும் திறந்து, பாதி விட்ட கண் துளிப் போத்தல்களை எல்லாம் எடுத்துப் பெயரைப் பாருங்கள். போன தரம் சிவந்தபோது எழுதிய ஸ்டெரொயிட் துளி ஒன்று நிச்சயம் கிடக்கும். பாமசியில் துண்டில்லாமல் வாங்கியதும் இருக்கலாம். கண் சிவந்து, வெளிச்சத்துக்குக் கூசி, பார்வை மங்கினால் அதை விட்டுக்கொண்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். வைரஸ் எழும்பியிருக்கும் நேரத்தில் குளிசை இல்லாமல் அந்தத் துளி மட்டும் போனால் கோர்ணியா வேகமாகக் கரைந்துவிடக்கூடும். போத்தல்களை ஒரு பையில் போட்டு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போங்கள், எதை வைத்திருக்கலாம் என்று டொக்டர் பிரித்துத் தரட்டும். அதற்குள் கண் சிவந்தால் அன்றைக்கே போங்கள், திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்.